வளையமும் நிலாவும் ஒரே சரக்குதான்

வானம் – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சனிக்கோளின் வளையத்தைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, வளையங்களையும் நிலாக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் பல வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். எனக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு தாய்: 2025 நவம்பரில் என் மகனுக்கு டெலஸ்கோப்பில் சனியைக் காட்டினார்கள். "சனிக்கு வளையமே இல்லம்மா" என்று அழுதுகொண்டே வந்தான். ஆசிரியர் வேறு ஏதாவது நட்சத்திரத்தைக் காட்டிவிட்டாரா? அது சனிப்பெயர்ச்சி நடந்த வருடம் வேறு. வளையம் காணாமல் போனது கெட்ட சகுனமோ என்று மாமியார் பயப்படுகிறார்.

அம்மா, ஆசிரியர் காட்டியது சனியேதான். உங்கள் மகன் பார்த்தது பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் காட்சி. அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

சனியின் பிரகாசமான வளையங்கள் விளிம்புக்கு விளிம்பு 2 லட்சத்து 73 ஆயிரம் கிலோமீட்டர் அகலம். தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர்தான் இருக்கும், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். சனி தன் அச்சில் சுமார் 27 டிகிரி சாய்ந்தபடி சூரியனை ஒருமுறை சுற்ற 29½ வருடம் ஆகிறது. அந்தச் சுற்றில் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பும். அப்போது அந்தப் பத்து மீட்டரை இங்கிருந்து எந்த டெலஸ்கோப்பாலும் பிடிக்க முடியாது. 2025 மார்ச் 23 அன்று அது நடந்தது. ஆனால் சனி அப்போது வானத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நவம்பரில் சாய்வு மறுபடி அரை டிகிரிக்கும் கீழே போனது. உங்கள் மகன் பார்த்தது அதைத்தான். 1612இல் கலிலியோவுக்கும் இதே அதிர்ச்சி. இரண்டு வருடம் முன்பு சனியின் இரண்டு பக்கத்திலும் தான் பார்த்தவை எங்கே போயின என்று அவர் குழம்பிப்போனார். அது வளையம் என்பதே அவருக்குத் தெரியாது. 1659இல் ஹைகன்ஸ் என்ற டச்சு வானியலாளர்தான் அதை விளக்கி எழுதினார்.

உங்கள் மாமியார் கவனித்ததும் வீண் அல்ல. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வளையம் மறைந்தது அதற்கு ஆறு நாள் முன்பு. இதற்கு முந்தைய மறைவு 2009 செப்டம்பரில் நடந்தது, சனி கன்னிக்குப் போன அதே மாதம். காரணம் இதுதான்: சனியின் அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கிறது. ஆகவே வளையம் விளிம்பாகத் தெரியும் இரண்டு இடங்களும் நட்சத்திரங்களுக்கு நடுவே மாறாமல் இருக்கின்றன. நம் ராசிகளும் நட்சத்திரங்களை வைத்துப் போட்ட எல்லைகள். அந்த இரண்டு இடங்களில் ஒன்று கும்பமும் மீனமும் சேரும் எல்லைக்குப் பக்கத்திலும், மற்றது சிம்மமும் கன்னியும் சேரும் எல்லைக்குப் பக்கத்திலும் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். வளையத்துக்கு எதுவும் ஆகவில்லை, யாருக்கும் எதுவும் ஆகாது. மறுபடி மறைவது 2038இல், சனி கன்னியை நெருங்கும்போது. அதுவரை பயமில்லாமல் இருக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கிரேட் 11 மாணவி: வளையம் என்பது உடைந்துபோன நிலாவா, நிலாவாக ஆக முடியாமல் போன தூசியா? ஒரு புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, இன்னொன்றில் மற்றது இருக்கிறது. தேர்வில் எதை எழுத?

தேர்வில் என்ன எழுதுவது என்பதை உன் ஆசிரியரிடம் கேள், கண்ணு. வானத்தில் இரண்டுமே நடக்கிறது. வளையத்தையும் நிலாவையும் இரண்டு தனி ஜாதிகளாகப் பார்ப்பதை முதலில் விட்டுவிடு. இரண்டும் ஒரே சரக்கு. கோளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது உருண்டையாகவோ தூளாகவோ இருக்கும்.

டர்பன் கடற்கரையில் அலை ஏறி இறங்குவதை நீ பார்த்திருப்பாய். நிலா, பூமியின் தன் பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் அது வருகிறது. அதையே திருப்பிப்போட்டு, சனி ஒரு நிலாவை இழுப்பதாக வைத்துக்கொள். நிலா கோளை நெருங்க நெருங்க, அதன் முன்பக்கத்தின் மேல் விழும் இழுப்புக்கும் பின்பக்கத்தின் மேல் விழும் இழுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் அந்த வித்தியாசம் நிலாவின் சொந்த ஈர்ப்பை மிஞ்சிவிடும். அதற்கு மேல் நிலாவால் தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இந்தத் தூரத்தை 1848இல் எதுவார் ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரர் கணக்கிட்டார், அதனால் இதற்கு ரோஷ் எல்லை என்று பெயர். கோளுக்கும் நிலாவுக்கும் ஒரே அடர்த்தி என்றால், கோளின் ஆரத்தைப் போல ஏறக்குறைய 2.44 மடங்கு. சனியின் ஆரம் சுமார் 60 ஆயிரம் கிலோமீட்டர். நீயே பெருக்கிப் பார், ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் கீழே வரும். பனிக்கட்டியின் அடர்த்தி வேறு என்பதால் எண் கொஞ்சம் நகரும். பிரகாசமான வளையங்கள் சனியின் மையத்திலிருந்து 1 லட்சத்து 37 ஆயிரம் கிலோமீட்டரில் முடிந்துவிடுகின்றன. அதைத் தாண்டினால் நிலாக்களின் ராஜ்யம்.

இதுவரை சொன்னது உடைகிற கதை. எனக்கு இதைவிடப் பிடித்தது பிறக்கிற கதை.

வளையம் ஒரே தட்டு அல்ல. தட்டாக இருந்தால் உடைந்து நொறுங்கியிருக்கும் என்று 1850களிலேயே மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கணிதத்தால் காட்டிவிட்டார். அது தூசியிலிருந்து வீடு அளவு வரைக்கும் உள்ள எண்ணற்ற பனிக்கட்டிகள் தனித்தனியாகச் சுற்றும் கூட்டம். உள்ளே இருப்பவை வேகமாகச் சுற்றும், வெளியே இருப்பவை மெதுவாகச் சுற்றும். பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது மெல்ல உரசிக்கொள்கின்றன. ஒவ்வோர் உரசலிலும் உள்ளே இருப்பது தன் சுற்றும் உந்தத்தில் கொஞ்சம் இழக்கிறது, வெளியே இருப்பது அதைப் பெறுகிறது. இழந்தது சனியை நோக்கி இறங்கும், பெற்றது வெளியே நகரும். இப்படியே வளையம் இரண்டு பக்கமும் பரந்துகொண்டு போகும். வெளி விளிம்பு ரோஷ் எல்லையைத் தாண்டியதும் அங்கே துகள்கள் ஒட்டலாம், தடுப்பார் இல்லை. ஒட்டி ஒரு குட்டி நிலா பிறக்கும். வளையமே அந்தக் குட்டியை இன்னும் வெளியே தள்ளும். பின்னால் அடுத்தது பிறக்கும். வெளியே போனவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகும். சனியின் உள் நிலாக்களில் தூரம் கூடக் கூட எடையும் கூடுகிறதே, அதற்கு ஷார்னோஸ், சால்மன், க்ரிதா மூவரும் 2010இல் தந்த விளக்கம் இது.

2013 ஏப்ரலில், சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் எடுத்த படத்தில் வெளி வளையத்தின் விளிம்பில் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெளிச்சப் பிசிறு தெரிந்தது. கார்ல் மர்ரே என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்து 'பெகி' என்று பெயர் வைத்தார். உள்ளே ஒளிந்திருந்த உருண்டை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இராது. அது நிலாவாக வளர்ந்ததா, மறுபடி உதிர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தை நான் வகுப்பில் காட்டிய நாட்களில் பிள்ளைகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இப்போ அது எங்கே இருக்கு டீச்சர்?"

அப்புறம், வளையத்துக்குள்ளேயே ஒரு நிலா எப்படி உடையாமல் இருக்கிறது என்று நீ கேட்பாய். பான் என்ற நிலாவை எடுத்துக்கொள். வளையத்துக்குள் 325 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் 'என்கே' என்ற இடைவெளியை அதுதான் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறது. 2017இல் காசினி பக்கத்தில் போய் எடுத்த படத்தைப் பார்த்தால் இரண்டு ஆப்பங்களை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்த மாதிரி இருக்கும்: நடுவில் உப்பல், சுற்றிலும் மெல்லிய அகலமான விளிம்பு. நடுவே இருப்பது கெட்டியான ஒரு பழைய துண்டு. அதன் மேல் வளையத்தின் தூள் படிந்து படிந்து, இதற்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்ற அளவுக்கு வந்து நின்றிருக்கிறது. விளிம்பு நடுக்கோட்டில் மட்டும் இருப்பதற்கு, வளையம் அவ்வளவு மெல்லியதாக இருப்பதே காரணம். தூள் வந்து சேர வேறு வழி இல்லை. பானின் மொத்த அடர்த்தி தண்ணீரில் பாதிகூட இல்லை. அத்தனை பொக்கு.

ஃபீனிக்ஸ் வாசகர்: சனியின் வளையத்துக்கு வயது என்ன?

விஞ்ஞானிகள் நடுவே நல்ல சண்டை நடக்கிற இடம் இது. விண்வெளியில் எப்போதும் கறுப்புத் தூசி விழுந்துகொண்டிருக்கிறது. வளையமோ 95 சதவீதத்துக்கு மேல் தூய பனி, பளிச்சென்று இருக்கிறது. காசினியில் இருந்த தூசிக் கருவி 13 வருடத்தில் வெளியிலிருந்து வந்த 163 துகள்களைப் பிடித்தது. அதை வைத்துப் போட்ட கணக்கு, வளையத்துக்கு 40 கோடி வருடத்துக்கு மேல் வயது இருக்க முடியாது என்று 2023இல் சொன்னது. சனிக்கு வயது 450 கோடி. அப்படியானால் வளையம் பிந்தி வந்த குழந்தை. ஏதோ ஒரு நிலா பக்கத்தில் வந்து சிதறியிருக்க வேண்டும். அப்படி ஒரு நிலா இருந்தது என்று 2022இல் ஒரு குழு கணக்குப் போட்டு, அதற்குக் கிரிசாலிஸ் என்று பெயரும் வைத்தது.

2024இல் ஹியோடோ என்ற ஜப்பானியர் மறுப்பு எழுதினார். தூசி மோதும் வேகத்தில் அது ஆவியாகிப் பறந்துவிடும், பனியில் ஒட்டாது, ஆகவே சுத்தமாக இருப்பதால் இளசு என்று சொல்லக்கூடாது என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். ஆனாலும் என் மனம் இளமைப் பக்கமே சாய்கிறது. காசினி தன் கடைசி மாதங்களில் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே புகுந்து வளையத்தை எடை போட்டது. மைமாஸ் என்ற சின்ன நிலாவின் எடையில் 40 சதவீதம்தான் வந்தது. வளையத்திலிருந்து சனியின் மேல் மழையாகப் பனி கொட்டிக்கொண்டும் இருக்கிறது. அந்த மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலே மீதி ஆயுள் 30 கோடி வருடம்தான் என்று 2018இல் எழுதினார்கள். இத்தனை சீக்கிரம் தீர்ந்துபோகிற ஒன்று ஆதியிலிருந்தே இருந்தது என்றால், ஆதியில் அது மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அதை இன்னும் யாரும் எனக்குத் திருப்தியாக விளக்கவில்லை.

கேப் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்: இந்தக் கண்டுபிடிப்புகளில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டா? தமிழ்நாட்டுக்கு?

அய்யா, இரண்டுக்கும் உண்டு. ஒரே இரவில் உண்டு.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை கேப் டவுனில் தங்கி, கிளேர்மாண்டில் டெலஸ்கோப் வைத்துத் தென்வானம் முழுவதையும் அலசினார். அங்கே எடுத்த குறிப்புகளை 1847இல் வெளியிட்டபோது, அதுவரை எண்ணால் மட்டும் அழைக்கப்பட்ட சனியின் ஏழு நிலாக்களுக்கும் பெயர் வைத்தார்: மைமாஸ், என்செலடஸ், டெதிஸ், டயோனி, ரியா, டைட்டன், அயபெடஸ். இன்று உலகமே சொல்லும் பெயர்கள் அவை. அவர் டெலஸ்கோப் நின்ற இடத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது, இப்போது பள்ளிக்கூட வளாகத்துக்குள். முடிந்தால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அடுத்தது 1977 மார்ச் 10. அன்று இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். நட்சத்திர ஒளி மங்கும் விதத்தை வைத்து யுரேனஸின் காற்று மண்டலத்தை அளக்கலாம் என்பது திட்டம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் டெலஸ்கோப் பொருத்திய ஓர் அமெரிக்க விமானம் பறந்தது. ஜேம்ஸ் எலியட்டும் கூட்டாளிகளும் அதில் இருந்தார்கள். மறைவு நேரம் துல்லியமாகத் தெரியாததால் கருவியை முன்னதாகவே ஓட விட்டார்கள். கோள் வருவதற்கு அரை மணிக்கு மேல் இருக்கும்போது நட்சத்திரம் சட்டென்று மங்கி மீண்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும். இப்படிப் பல தடவை. மேகமோ, கருவிக் கோளாறோ என்று யோசித்தார்கள். கோள் கடந்துபோன பிறகு மறுபக்கத்திலும் அதே வரிசை தலைகீழாகத் திரும்பி வந்தது. யுரேனஸுக்கும் வளையங்கள் இருக்கின்றன என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அதே இரவு கேப் டவுனிலும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இங்கேயும் மங்கல் பதிவானது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகத்திலும் பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் பதிவானது. என் பாட்டனார் கப்பலேறி வந்தது வடஆற்காட்டிலிருந்து. அந்தப் பக்கத்து மலையில் இருந்தவர்களும் இந்தக் கரையில் இருந்தவர்களும் ஒரே நட்சத்திரம் கண் சிமிட்டியதைப் பதிவு செய்தார்கள் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

யுரேனஸ் வளையங்கள் ஒரு புதிரையும் கொண்டுவந்தன. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலம்தான். மேலே சொன்ன உரசலால் அவை பரந்து கலைந்திருக்க வேண்டாமா? 1979இல் கோல்ட்ரைக், ட்ரமெய்ன் இருவரும், வளையத்தின் இரு பக்கமும் சின்ன நிலாக்கள் காவல் நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். மேய்ப்பன் நிலாக்கள் என்று பெயர். ஈர்ப்பு என்றால் இழுப்புதானே, அது எப்படித் தள்ளும்? வெளியே ஒரு நிலா மெதுவாகப் போகிறது. உள்ளே இருக்கும் துகள் வேகமாக வந்து அதைத் தாண்டுகிறது. தாண்டும்போது நிலா அதைத் தன் பக்கம் கொஞ்சம் வளைக்கிறது. ஆகவே தாண்டிய பிறகு துகள் நிலாவுக்கு இன்னும் கிட்டே இருக்கிறது, பின்னால் இழுக்கும் இழுப்பு, முன்பு முன்னால் இழுத்ததைவிட அதிகம். கணக்கில் மிஞ்சுவது பின்னிழுப்பு. துகள் வேகத்தை இழந்து உள்ளே இறங்குகிறது. உள்பக்க நிலாவுக்கு எல்லாம் நேர்மாறு, அது துகளை வெளியே ஏற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே வளையம் ஒடுங்கி நிற்கிறது. 1980இல் வாயேஜர் விண்கலம் சனியின் வெளிப்புற மெல்லிய வளையத்தின் இரு பக்கமும் ப்ரோமிதியஸ், பண்டோரா என்ற இரண்டு நிலாக்களைக் கண்டது. 1986இல் யுரேனஸின் பெரிய வளையத்தை ஒட்டிக் கார்டிலியாவும் ஒஃபீலியாவும் கிடைத்தன.

லெனேசியா வாசகி: நம் நிலாவும் ஒருநாள் உடைந்து வளையமாகுமா?

இப்போதைக்கு இல்லை. அது வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகித்தான் போகிறது. செவ்வாயின் ஃபோபோஸ்தான் நெருங்குகிறது, நூறு வருடத்துக்கு 1.8 மீட்டர் வீதம். இன்னும் மூன்று முதல் ஐந்து கோடி வருடத்தில் அது நொறுங்கிச் செவ்வாய்க்கு வளையம் போடும், அல்லது தரையில் விழும். நெப்டியூனின் ட்ரைடனும் நெருங்குகிறது, ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான கோடி வருடம் பிடிக்கும்.

மெரிபேங்க் வாசகர்: ரோஷ் எல்லைக்கு வெளியே வளையம் கிடைத்ததாகப் படித்தேன். அப்படியானால் பழைய பாடம் தவறா?

க்வாவார் என்ற குட்டிக் கோளைச் சொல்கிறீர்கள். நெப்டியூனுக்கு அப்பால் இருக்கிறது, ஆரம் 550 கிலோமீட்டர் சொச்சம். அதன் வளையம் 2023இல் அறிவிக்கப்பட்டது. யுரேனஸ் வளையம் பிடிபட்ட அதே வழிதான், நட்சத்திர மறைவு. அந்த மறைவுகளில் ஒன்று நம் பக்கத்து நாடான நமீபியாவிலிருந்து பதிவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் ரோஷ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. அங்கே துகள்கள் சேர்ந்து சில பத்து வருடத்திலேயே நிலாவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தக் கடுங்குளிரில் பனிக்கட்டிகள் மோதும்போது ஒட்டாமல் துள்ளி விலகிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். க்வாவாரின் சுழற்சியும் அதன் நிலாவும் வளையத்தை ஓர் ஒழுங்கில் பிடித்திருக்கின்றன என்பது இன்னொன்று. பழைய பாடம் தவறில்லை. எல்லைக்கு உள்ளே துகள்கள் தாமாக ஒட்டி நிலாவாக முடியாது என்பது அப்படியே இருக்கிறது. எல்லைக்கு வெளியே ஒட்டியே தீரும் என்று நாம் சேர்த்துக்கொண்டதுதான் கழன்றுவிட்டது. அடுத்த பத்து வருடத்தில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இதைத்தான்.

அம்சிண்டோ பையன் ஒருவன்: சனிக்கு 274 நிலா என்கிறார்கள், ஆண்டி. நிஜமா?

நிஜம்தான், தம்பி. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்த்தபோது எண்ணிக்கை 274 ஆனது. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் துண்டுகள், தூரத்தில் தாறுமாறான பாதைகளில் சுற்றுபவை. எப்போதோ பிடிபட்ட பெரிய பாறைகள் மோதி உடைந்த மிச்சம். வளையத்தில் பிறந்தவை அல்ல.

ஸ்டேஞ்சர் தம்பதி: வளையத்தைப் பார்க்க எந்த டெலஸ்கோப் வாங்கலாம்? இந்த வருடம் எப்போது தெரியும்?

2026 அக்டோபர் 4 அன்று சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. புரட்டாசி முழுவதும் இரவெல்லாம் வானத்தில் இருக்கும். வளையம் மறுபடி திறக்க ஆரம்பித்துவிட்டது. 2032இல் முழு அகலத்துக்கு விரியும், இந்தத் தடவை தென்பக்கம் நமக்குத் தெரியும். அவசரப்பட்டு விலை கூடியதை வாங்க வேண்டாம். 10 மடங்கு பைனாகுலரில் வளையம் தெரியாது. 30 மடங்கு பெருக்கினால் போதும், தெரியும். வாங்கும்போது மடங்கைப் பார்க்காதீர்கள், கண்ணாடியின் அகலத்தையும், ஸ்டாண்ட் ஆடாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) கடுமையாக இருந்த மாதங்களில் எங்கள் தெருவே இருண்டபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று என் டெலஸ்கோப்பில் சனியைப் பார்த்தார்கள். உண்மையில் சனிக்கு இருட்டு தேவையே இல்லை, தெருவிளக்குக்குக் கீழே வைத்தும் பார்க்கலாம். காற்று அசையாமல் இருப்பதுதான் முக்கியம். கரையோரத்தில் நமக்குச் சாயங்காலத்தைவிட நடுராத்திரிக்குப் பிறகு காற்று அடங்கும். டெலஸ்கோப்பை அரை மணி முன்பே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள். பக்கத்தில் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தால் அது டைட்டனாக இருக்கும், அடுத்த நாள் இடம் மாறியிருக்கிறதா என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.